ஒரு சேனலை அடைத்துப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். முதலாமாண்டு உளவியல் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் நரம்பியல் அறிமுகம் ஒரு பாடம். இடைத்தேர்வில் 100க்கு 41 வாங்கினேன். படிக்காமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒவ்வொரு பாடத்தையும் நான்கு முறை படித்தேன், மஞ்சளும் பச்சையுமாக வரிக்கு வரி கோடு போட்டேன், 600 அட்டைகள் எழுதினேன். தேர்வில், “செல்லுக்கு வெளியே இருக்கும் பொட்டாசியத்தை மூன்று மடங்காக்கினால் என்ன ஆகும்? ஏன்?” என்று கேட்டிருந்தார்கள். புத்தகத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். இறுதித் தேர்வுக்கு இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. என் ஞாபகசக்தி அவ்வளவுதானா? எந்தெந்தப் பாடம் முக்கியம் என்று சொன்னால் அதையாவது முழுசாக மனப்பாடம் செய்துவிடுவேன்.

(பெயர் வேண்டாம் என்று எழுதிய மாணவர்)

பதில்:

தம்பி, முதலில் ஞாபகசக்தி விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம். 600 அட்டை எழுதி, ஒரே பாடத்தை நான்கு தடவை படித்தவருக்கு ஞாபகத்தில் குறை என்று நான் நம்பவில்லை. பல வருடங்களாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், விடைத்தாளும் திருத்துகிறேன். முதல் தேர்வில் சறுக்கி என் அறைக்கு வருகிறவர்களில் உழைக்காதவர்கள் குறைவு. உங்களைப் போல ராப்பகலாக உழைத்தவர்கள்தான் கண்கலங்கி வந்து நிற்பார்கள். உழைப்பு போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

நான்காவது முறை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடும். கண் போவதற்கு முன்னாலேயே அடுத்த வரியை மனம் சொல்லிவிடும். “இது எனக்குத் தெரியும்” என்று தோன்றிவிடும். பழகிய முகத்தை எதிரே பார்த்ததும் அடையாளம் தெரிகிறதே, அந்த மாதிரித் தெரிதல் அது. ஆள் போன பிறகு அந்த முகத்தை வரையச் சொன்னால் கை ஓடாது. தேர்வு வரையச் சொல்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தவணையும் படித்தது. இன்னொரு குழு ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம் சொன்னார்கள், படித்தவர்கள் 40தான் சொன்னார்கள். உளவியல் மாணவர் என்பதால் இந்த ஆய்வு உங்களுக்கு வேறு பாடத்திலும் வரும். இப்போதைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இன்றிலிருந்து கலர் பேனாவை உள்ளே வைத்துவிட்டு வெள்ளைத் தாளை எடுங்கள்.

ஆனால் அது பாதி மருந்துதான். பார்க்காமல் எழுதிப் பழகினாலும், எழுதுவது புத்தக வரிகளாகவே இருந்தால் அந்தப் பொட்டாசியம் கேள்வி மறுபடியும் உங்களை மடக்கும். அது குறும்புக்காகக் கேட்ட கேள்வி இல்லை. நரம்பியல் வளர்ந்த வழியே அந்த மாதிரிக் கேள்விகள்தான். 1949இல் ஹாட்ஜ்கின், காட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணவாயின் ராட்சத ஆக்சானை, அதாவது நரம்புச் செல்லின் நீண்ட இழையை, எடுத்து வைத்து, அதைச் சுற்றியிருந்த திரவத்தில் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆக்‌ஷன் பொட்டன்ஷியலின், அதாவது நரம்புச் செல்லில் எழும் மின் துடிப்பின், உயரம் குறைந்தது. அந்த உச்சியை ஏற்றிவிடுவது சோடியம்தான் என்று அதிலிருந்து தெரிந்தது. உங்கள் ஆசிரியர் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தை எடுத்துக்கொண்டார். ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் குறை, ஒன்றை அடை, ஒன்றை வெட்டு, பிறகு என்ன நடக்கிறது என்று பார். இந்தப் பாடத்தின் ஒவ்வொரு பக்கமும் இப்படிக் கிடைத்ததுதான். படிப்பதையும் அதே வழியில் படிக்க வேண்டும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது.

நீங்கள் விட்டுவந்த அந்தக் கேள்வியையே இப்போது சேர்ந்து போட்டுப் பார்ப்போம். தாள், பேனாவோடு உட்காருங்கள்.

தாளின் குறுக்கே இரண்டு கோடு போடுங்கள். அதுதான் செல் சவ்வு. கோட்டுக்கு மேலே வெளிப்புறம், கீழே உட்புறம். உள்ளே பொட்டாசியம் 140, வெளியே 5 என்று எழுதுங்கள். சோடியம் தலைகீழ்: வெளியே 145, உள்ளே 12. அலகு மில்லிமோலார். உங்கள் புத்தகத்தில் எண்கள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், அதனால் ஒன்றும் மாறாது. ஓய்வில் இருக்கும் நியூரானின், அதாவது நரம்புச் செல்லின், சவ்வில் உள்ள நுண்துளைகளில், பொட்டாசியம் போகும் கசிவுச் சேனல்கள்தான் அதிகம் திறந்திருக்கும். உள்ளே கூட்டம், வெளியே காலி. அதனால் பொட்டாசியம் வெளியேறும். அது பாசிட்டிவ் அயனி. ஒன்று வெளியேறும்போது உட்புறம் கொஞ்சம் நெகட்டிவ் ஆகும். இப்படிச் சேரும் நெகட்டிவ், வெளியேறப் பார்க்கும் பொட்டாசியத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும். தள்ளுவதும் இழுப்பதும் சரிக்குச் சரியாக நிற்கும் இடம் ஏறக்குறைய மைனஸ் 90 மில்லிவோல்ட். கூடவே சோடியமும் சிறிது உள்ளே கசிவதால், நியூரான் உண்மையில் நிற்பது மைனஸ் 70 பக்கம்.

இப்போது வெளியே இருக்கும் 5ஐ அடித்துவிட்டு 15 என்று எழுதுங்கள். புத்தகத்தைத் தொடாதீர்கள். உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வித்தியாசம் கூடியதா, குறைந்ததா? குறைந்தது. அப்படியானால் பொட்டாசியத்தை வெளியே தள்ளும் விசை? அதுவும் குறைந்தது. குறைந்த விசையை ஈடுகட்ட முன்போல அவ்வளவு நெகட்டிவ் தேவையா? தேவையில்லை. ஆகவே அந்தச் சமநிலை மைனஸ் 90இலிருந்து மேலே ஏறும். இந்தச் சமநிலையைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டால் மைனஸ் 60 பக்கம் வரும். சமன்பாடே மறந்துபோனாலும் எந்தத் திசையில் நகரும் என்பது இந்த மூன்று கேள்வியிலேயே கிடைத்துவிட்டது பாருங்கள். நியூரானின் ஓய்வு நிலையும் இதோடு சேர்ந்து ஏறி, ஆக்‌ஷன் பொட்டன்ஷியல் கிளம்பும் வாசலுக்கு, அதாவது மைனஸ் 55 பக்கம், நெருங்கிவிடும். லேசாகத் தட்டினாலே கிளம்பிவிடும் நிலை.

பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுவார்கள். நல்ல விடை இன்னும் ஒரு படி போகும். அப்படியே ஏறிய நிலையிலேயே நின்றுவிட்டால்? சோடியம் சேனல் ஒருமுறை திறந்ததும் தானாகவே செயலிழந்துவிடும். மறுபடி தயாராக வேண்டுமானால் சவ்வு நன்றாக நெகட்டிவ் ஆக வேண்டும். இங்கே அது இறங்கவே இல்லையே. அதனால் சேனல்கள் முடங்கியபடியே கிடக்கும். முதலில் துள்ளிய நியூரான், பிறகு எவ்வளவு தட்டினாலும் பேசாமல் கிடக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது என்றதும் மருத்துவர்கள் இதயத்தை நினைத்துப் பதறுகிறார்கள், தெரியுமா? இதயத் தசையின் செல்களிலும் நடப்பது இந்தக் கதைதான்.

நீங்கள் வெறுமையாக விட்ட பக்கத்தில் எழுத வேண்டியிருந்தது இவ்வளவும்தான். இதில் உங்களுக்குத் தெரியாத செய்தி ஏதாவது இருக்கிறதா? அந்த 600 அட்டைகளில் இவை எல்லாமே சிதறிக் கிடக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். மைனஸ் 70 ஓர் அட்டையில், கசிவுச் சேனல் வேறோர் அட்டையில், சோடியம் சேனல் முடங்குவது இன்னோர் அட்டையில். அவற்றைக் கோக்கும் நூல் மட்டும்தான் இல்லை. “ஆகவே” என்ற சொல்தான் அந்த நூல்.

விடைத்தாள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சில தவறுகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாமே நூல் அறுந்த இடங்கள். ஒன்று, சோடியம்–பொட்டாசியம் பம்ப். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் என்று சரியாக எழுதுவார்கள். அடுத்த வரியிலேயே, ஆக்‌ஷன் பொட்டன்ஷியலின் உச்சியிலிருந்து சவ்வை இறக்குவது பம்ப் என்று எழுதிவிடுவார்கள். இறக்குவது பொட்டாசியம் சேனல்கள், அவற்றோடு சோடியம் சேனல்களின் முடக்கம். ஒரு ஆக்‌ஷன் பொட்டன்ஷியலில் இடம் மாறும் அயனிகள் மொத்தத்தில் மிகச் சொற்பம். பம்ப்பை அடைத்தாலும் நியூரான் அந்த நொடியே நின்றுவிடாது. பம்ப் பின்னணியில் நிதானமாக நடக்கும் வேலை. இரண்டு, பலமாகத் தூண்டினால் ஆக்‌ஷன் பொட்டன்ஷியல் உயரமாகும் என்று எழுதுவது. உயரம் மாறாது. அடுத்தடுத்து எத்தனை கிளம்புகிறது என்பதுதான் மாறும். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: “அசிட்டைல்கோலின் கிளர்ச்சியூட்டும் வேதிப்பொருள்” என்று ஒரே வரியில் முடிப்பது. 1921இல் ஓட்டோ லோவி என்ற ஆய்வாளர் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். இதயம் மெதுவானது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின். அதே அசிட்டைல்கோலின் கை கால் தசையில் விழுந்தால் தசை சுருங்கும். பொருள் ஒன்றுதான், வாங்கிக்கொள்ளும் ரிசப்டர் வேறு. ஆகவே எந்த வேதிப்பொருளைப் படித்தாலும், “எந்த ரிசப்டரில்?” என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

ஒரு நியூரான் அடுத்த செல்லுக்குச் செய்தி கொடுக்கும் இடமான சினாப்ஸுக்கும் இதே முறைதான். ஆக்‌ஷன் பொட்டன்ஷியல் முனைக்கு வருவது, கால்சியம் சேனல் திறப்பது, கால்சியம் உள்ளே வருவது, பைகள் சவ்வோடு ஒட்டி வேதிப்பொருளைக் கொட்டுவது, ரிசப்டர் திறப்பது, பிறகு துப்புரவு. இதை ஒரு சங்கிலியாக வரைந்துவிட்டு, ஒவ்வொரு கண்ணியாக அறுத்துப் பாருங்கள். அறுப்பதற்கு இயற்கையே கத்திகளைக் கொடுத்திருக்கிறது. பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின் சோடியம் சேனலை அடைக்கும். பாட்டுலினம் நச்சு அசிட்டைல்கோலினைக் கொட்ட விடாது. க்யூராரே, கொட்டியதைத் தசையில் இருக்கும் ரிசப்டர் வாங்க விடாது. பாட்டுலினத்திலும் தசை தளரும், க்யூராரேயிலும் தளரும். இரண்டு தசை உங்கள் முன்னால் இருக்கிறது, எது எது என்று தெரியாது, கையில் ஒரு குப்பி அசிட்டைல்கோலின் மட்டும் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நேரே தசையின் மேல் விட்டுப் பார்ப்பீர்கள். பாட்டுலினத் தசை சுருங்கும், க்யூராரேத் தசை சுருங்காது. இந்த மாதிரிக் கேள்வியை நீங்களே உங்களுக்குக் கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டால், தேர்வில் எப்படித் திருப்பிக் கேட்டாலும் கை நடுங்காது. நானும் ஒன்று கொடுக்கிறேன்: டெட்ரோடோடாக்சின் போட்ட நியூரானின் டென்ட்ரைட் மேல், அதாவது செய்தி வாங்கும் கிளையின் மேல், குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை ஒரு சொட்டு விட்டால் சவ்வின் மின்னழுத்தம் மாறுமா? மாறும். ஏன் என்று எழுதிப் பாருங்கள்.

அடுத்தது மூளைக்கும் உடம்புக்கும் இடையே ஓடும் நரம்புப் பாதைகள். பெயர்ப் பட்டியலாகப் பார்த்து எல்லோரும் மிரளும் பகுதி இது. ஒவ்வொரு பாதைக்கும் எங்கே தொடங்குகிறது, எங்கே பக்கம் மாறுகிறது, எங்கே முடிகிறது என்ற மூன்று விஷயம் தெரிந்தால் அறிமுகத் தேர்வுக்குப் போதும். பக்கம் மாறும் இடம்தான் உயிர்நாடி. தசையை இயக்க மூளையிலிருந்து இறங்கும் முதன்மைப் பாதை, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுகிறது. அதிர்வு, மூட்டின் நிலை ஆகிய உணர்வுகள் தண்டுவடத்தில் வந்த பக்கத்திலேயே மேலேறி, முகுளத்தில்தான் மாறுகின்றன. வலி, சூடு, குளிர் உணர்வுகளோ தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அங்கேயே மறுபக்கம் போய்விடுகின்றன.

இதை மூன்று நிறத்தில் வரையுங்கள். கலர் பேனாவுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பிறகு நெஞ்சு மட்டத்தில் தண்டுவடத்தின் வலது பாதியை மட்டும் பென்சிலால் வெட்டுங்கள். பென்சில் எந்தெந்தக் கோட்டை அறுக்கிறது? கீழிறங்கும் இயக்கப் பாதை முகுளத்திலேயே பக்கம் மாறி வந்துவிட்டது, ஆகவே வலது கால் தளரும். அதிர்வு உணர்வு இன்னும் மாறவில்லை, ஆகவே போவது வலது காலின் அதிர்வு உணர்வு. வலிப் பாதை முன்னமே மாறிவிட்டது, ஆகவே வலப்பக்கம் அறுந்தது இடது காலிலிருந்து வந்த வலி. வலது கால் நகராது, ஆனால் ஊசி குத்தினால் தெரியும். இடது கால் நன்றாக நகரும், ஆனால் ஊசி குத்தினால் குத்தியது வலிக்காது. இதற்கு ப்ரௌன்–செக்கார் சிண்ட்ரோம் என்று பெயர். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, அரை மதிப்பெண்தான் போகும். படத்தை வரையத் தெரிந்தவர் அந்த நோயாளியைப் பார்க்காமலேயே அவருக்கு என்ன ஆகும் என்று சொல்லிவிடுவார். முதன்முதலில் மாணவியாக இதைப் போட்டு முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பார்வைப் பாதைக்கும் இதே பென்சில்தான். நரம்புகள் குறுக்கே போகும் கயாஸ்மாவின் நடுவை வெட்டினால் இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போகும். ஏன் என்பதை நீங்களே வரையுங்கள்.

மூளை நரம்புகள் பன்னிரண்டையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. அதற்கு உங்கள் அட்டைகள் அருமையான கருவி. ஆனால் அட்டையின் பின்பக்கத்தில் நரம்பின் வேலையோடு, “இது போனால் இவரால் என்ன முடியாது?” என்பதையும் எழுதுங்கள்.

நினைவு பற்றிய பாடத்தில் எச்.எம். என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் நோயாளி கட்டாயம் வருவார். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருக்கு மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பாகம் அகற்றப்பட்டது. மாணவர்கள் “அவருக்கு ஞாபகம் போய்விட்டது” என்று எழுதுவார்கள். அது போதாது. எது போனது, எது தங்கியது என்று இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். புதிய நிகழ்வுகளை நினைவில் வைக்கும் திறன் போனது. பழைய சிறுவயது நினைவுகளில் பல தங்கின. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரத்தின் கோட்டைப் பின்பற்றி வரையும் வேலையை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதல்முறை செய்வதாகவே அவர் நினைத்தார். தங்கிய பக்கம்தான் இங்கே பெரிய செய்தி: நினைவு ஒரே பொருள் அல்ல.

இனி 19 நாள். “எது முக்கியம்” என்று கேட்டீர்கள். உங்கள் ஆசிரியர் என்ன கேட்பார் என்று நான் ஊகிக்க மாட்டேன், ஊகித்தால் அது உங்களுக்குத்தான் ஆபத்து. ஆனால் சவ்வும் சினாப்ஸும் அஸ்திவாரம். முதல் எட்டு நாளை அதற்கே கொடுங்கள், அதிகம் என்று தோன்றினாலும் கொடுங்கள். புலன்கள், நினைவு, மருந்துகள் என்று பின்னால் வரும் பாடங்களில் பாதி அதிலிருந்தே கிளைக்கும். அடுத்த ஆறு நாள் பாதைகளுக்கு. அதன்பின் மூன்று நாள் மிச்சத்துக்கு. கடைசி இரண்டு நாள் புதிதாக எதையும் தொடாமல் பழைய கேள்வித்தாள்களை நேரம் வைத்து எழுதுங்கள். தினமும் காலையில் உட்கார்ந்ததும், மூன்று நாளுக்கு முன் போட்ட படத்தைப் பார்க்காமல் மறுபடி வரையுங்கள். பாதியில் நின்றுபோகும், எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலோடு யோசிக்கும் நிமிடங்களில்தான் அது மனதில் உறைகிறது. உடனே புத்தகத்தைத் திறந்துவிடாதீர்கள். தேர்வுக்கு முந்தின இரவு தூங்குங்கள். படித்ததை மூளை நிலைப்படுத்தும் வேலையில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதை நான் சொல்லி நீங்கள் கேட்காமல் போனால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அந்த 41 மதிப்பெண் தாள் உங்களிடம் இருந்தால் அதைத்தான் முதல் நாள் எடுக்க வேண்டும். பார்க்கவே பிடிக்காது, தெரியும். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில், செய்தியே தெரியாததால் போனதா, செய்தி தெரிந்தும் கோக்கத் தெரியாமல் போனதா என்று குறியுங்கள். இரண்டாவது வகைதான் அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம். வேறு மாதிரி இருந்தால் எனக்கு எழுதுங்கள், திட்டத்தை மாற்றுவோம்.

போவதற்கு முன் ஒரு கணக்கு. ஒருவருக்கு முகத்தின் இடது பாதியில் ஊசி குத்தினால் வலி தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே உடம்பின் வலது பாதியில் வலி தெரியவில்லை. பாதிப்பு ஒரே இடத்தில்தான். எங்கே? முகத்திலிருந்து வரும் வலிப் பாதை மூளைத்தண்டுக்குள் நுழைந்த பிறகு எவ்வளவு தூரம் கீழிறங்கி, எங்கே பக்கம் மாறுகிறது என்பதை மட்டும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும். விடையை எனக்கு அனுப்புங்கள், படத்தோடு.